புதுக் கட்டடத்துல கைவேலை: மேல ஒட்டுறதா, உள்ள சேத்துக் கட்டுறதா?

வரைபலகை

எல்லாருக்கும் வணக்கம். கட்டட வேலை தெரிஞ்சவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் ஆர்க்கிடெக்ட், ஒன்பது வருஷமா இந்த வேலை. இப்ப ஒரு சின்ன நூலகம் வரைஞ்சுட்டு இருக்கேன், ரெண்டு தளம், ஆர்சிசி ஃப்ரேம், அதாவது கம்பி போட்ட கான்கிரீட் தூணும் பீமும். கட்டச் சொல்றவங்க போட்ட ஒரே கண்டிஷன், பாக்க பாரம்பரியமா இருக்கணும். அந்த "பாக்க"ங்கிற வார்த்தைதான் என்னைத் தூங்க விடல.

ஏன்னா போன கட்டடத்துல இதே மாதிரி கேட்டாங்க, நானும் சரின்னு சொல்லி சுவத்துக்கு சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி மெருகு ஏத்தின பூச்சு, போட முடிவு பண்ணோம். ஆனா அந்த முடிவு எப்ப எடுத்தோம்? சுவர் ஏறி, சிமெண்ட் பூச்சும் முடிஞ்ச அப்புறம். திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, காயலைன்னு ரெண்டு பெடஸ்டல் ஃபேன் வெச்சு காத்தடிச்சு காய வெச்சாங்க. முதல் மழைக்காலம் முடியறதுக்குள்ள கீழ மூணடி உயரத்துக்கு தகடு தகடா கழண்டு விழுந்துச்சு. ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாத்தேன், முன்பக்கம் முகம் தெரியுது, பின்பக்கம் அடியில இருந்த சிமெண்ட்ல கரண்டி இழுத்த கோடு அப்படியே அச்சு எடுத்த மாதிரி பதிஞ்சிருக்கு. பிடிமானமே இல்ல, சும்மா ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு அவ்வளவுதான். நடுவுல வெள்ளையா உப்பு.

பழி முழுக்க பூச வந்த மேஸ்திரி தலையில. ஆனா என் டிராயிங்ல அந்த சுவத்துக்கு என்ன எழுதியிருந்தேன்னா ஒரே வரி, "சுண்ணாம்புப் பூச்சு, மெருகுடன்". எத்தனை பூச்சு, அடியில என்ன, எத்தனை நாள், எதுவும் இல்ல. அவரை நான் முதல் தடவை பாத்ததே பூச்சு ஆரம்பிச்ச அன்னைக்குத்தான்.

அதனால இந்த தடவை முன்னாடியே கேக்கணும்னு இருக்கேன். சுண்ணாம்பு, கையால வார்த்த தரை ஓடு, சுட்ட மண், மூங்கில், மர வேலை, எதுவா வேணா இருக்கட்டும், இப்ப கட்டுற கட்டடத்துக்குள்ள இதையெல்லாம் நேர்மையா எப்படி கொண்டு வரது? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

சுண்ணாம்புக்கை

மேடம் வணக்கம். நான் பூச்சு வேலைதான், எங்க தாத்தா, அப்பா, நான்னு மூணு தலைமுறை. உங்க பதிவைப் படிச்சதும் அந்த மேஸ்திரி நிலைமையை நினைச்சு மனசு கஷ்டமாயிடுச்சு, ஏன்னா நானும் அந்த மாதிரி பேச்சு வாங்கியிருக்கேன்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். சுண்ணாம்பு காயறது வேற, சிமெண்ட் இறுகுறது வேற. சிமெண்ட் தண்ணியோட சேந்து இறுகும். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகும், அதுக்கு ஈரமும் வேணும் காத்தும் வேணும், மேல இருந்து உள்ளுக்கு மெல்ல மெல்லத்தான் போகும். நீங்க ஃபேன் வெச்சு ஈரத்தை உறிஞ்சிட்டீங்கன்னா மேல் தோல் மட்டும் கெட்டியாகி உள்ள மாவா நின்னுடும், அந்த மாவுதான் மழைக்காலத்துல உங்களை விட்டுப் போச்சு. நாங்க பூசி முடிச்சும் பல நாளைக்கு தண்ணி தெளிச்சு சாக்கு கட்டி வெப்போம், வெயில் நேரா படுற சுவர்னா நிழல் கட்டுவோம்.

அடுத்தது அடிப்பூச்சு. சுண்ணாம்புக்கு அடியில சுண்ணாம்புதான் இருக்கணும், செங்கல் சந்து நல்லா ஆழமா சுரண்டி விட்டிருக்கணும், முதல் பூச்சு மணல் கூட, கொரகொரன்னு, அடுத்தது அதைவிட நைசா, கடைசியா அரைச்ச வெண்ணெய் மாதிரி மாவு, அது ஈரமா இருக்கும்போதே தேச்சு தேச்சு மெருகு ஏத்தணும். ஒரு பூச்சு மேல அடுத்தது எப்ப போடணும்னு விரலால அமுக்கிப் பாத்துதான் சொல்ல முடியும், விரல் உள்ள போகக்கூடாது, ஆனா நகம் கீறணும். அழகா வழவழன்னு கரண்டி போட்ட சிமெண்ட் மேல எங்க அப்பாவே வந்து பூசினாலும் நிக்காது. அந்த சுவர் தரையில இருந்து ஓதம், அதாவது ஈரம், ஏறுற சுவர்னா உப்பு கண்டிப்பா தள்ளும்.

கடுக்காய்த் தண்ணி, வெல்லம், முட்டை வெள்ளைன்னு எல்லாரும் அதைப் பத்தியே கேக்குறாங்க. அதெல்லாம் உண்டுதான், கடுக்காயும் வெல்லமும் ஊற வெச்ச தண்ணி பிடிமானத்துக்கு, முட்டை கடைசி மெருகுக்கு. ஆனா அதைவிட முக்கியம் சுண்ணாம்பை எத்தனை நாள் தண்ணியில ஊற வெச்சீங்கங்கிறது. நல்லா நீறாத, அதாவது தண்ணியில ஊறி வெந்து போகாத, ஒரு சின்ன மணி உள்ள இருந்தா போதும், ஆறு மாசம் கழிச்சு அது நீறி சுவத்துல அம்மைத் தழும்பு மாதிரி தெறிக்கும். அந்தக் குழிக்குள்ள பாத்தா நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு இருக்கும், அதுதான் அந்த மணி. ஊற வெக்கிறதுக்கு நாள் கேட்டா யாரும் குடுக்கிறதில்ல மேடம்.

இரும்புக்கம்பி

ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரா ஒரு எதிர்ப் பேச்சும் இங்க இருக்கட்டும், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

மேல எழுதினவர் சொன்ன அதே விஷயத்துல எனக்கு ஒரு பயம் இருக்கு. சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது அதோட காரத்தன்மை குறையுது. கான்கிரீட்டுக்குள்ள கம்பி துரு பிடிக்காம இருக்கிறதே அந்தக் காரத்தன்மையாலதான். அதனால தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல விரிசல் வரக்கூடாதுன்னு கோழி வலை அடிச்சு அது மேல சுண்ணாம்பு பூசுறாங்க பாருங்க, அந்த வலை சில வருஷத்துல துரு பிடிச்சு உப்பி பூச்சைத் தள்ளும். வலை போட்டே ஆகணும்னா ஃபைபர் வலையா இருக்கணும், இல்லன்னா அந்த இடத்துல விரிசல் வரும்னு ஒத்துக்கிட்டு ஒரு பள்ளம் விட்டு மூட்டு காட்டிடணும். இதையெல்லாம் யாரும் யோசிக்கிறதில்ல, பழசுன்னாலே நல்லதுன்னு ஆரம்பிச்சுடுறாங்க.

என் கேள்வி, அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு துண்டு ஓடு உடைஞ்சா, ஒரு சுவர் உரிஞ்சா, யாரைக் கூப்பிடுவாங்க? நூலகத்துக்கு மெயின்டனன்ஸ்னு இருக்கிறது ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரு பிளம்பரும்தான். எல்லாரும் தொடுற பொதுக் கட்டடத்துல பராமரிக்க ஆள் இல்லாத ஒரு பொருளை வெக்கிறது எனக்கு சரியா படல.

செங்கல்பிரியை

இரும்புக்கம்பி சார் கேட்டது நியாயம்தான், ஆனா இந்தக் கேள்வியை உலகம் பூரா பல பேர் சந்திச்சிருக்காங்க, அவங்க கத்துக்கிட்டதைப் பாக்கலாமே.

எகிப்துல ஹசன் ஃபாத்தின்னு ஒரு கட்டடக் கலைஞர். மண் செங்கல்ல வளைவுக் கூரை போட முயற்சி பண்ணி முதல்ல அது இடிஞ்சு விழுந்துடுச்சு. மரம் கிடைக்காது, சாரம் இல்லாம வளைவு எழுப்பணும். அப்புறம் அஸ்வான் பக்கம் நூபிய கொத்தனாருங்க சாரமே இல்லாம அதை சர்வ சாதாரணமா கட்டிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சு போய் அவங்களையே கூட்டிட்டு வந்தாரு. அவங்க செஞ்சது என்னன்னா பின் சுவத்துல சாய்ச்சு சாய்ச்சு வரிசை வெக்கிறது, ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசை மேல சாஞ்சு ஒட்டி நிக்கும், கீழ தாங்க எதுவும் வேண்டாம். படிச்சவருக்கு வராத வழி அந்தக் கைக்குள்ள இருந்துச்சு.

ஆனா அதே ஃபாத்தி 1940கள்ல லக்சர் பக்கத்துல நியூ குர்னான்னு ஒரு ஊரையே அந்த முறையில கட்ட ஆரம்பிச்சு, அது பாதியில நின்னு போச்சு. கட்டடம் அழகு, கைவேலை உண்மையானது, ஆனா அங்க குடி போக வேண்டிய ஜனங்களுக்கு இடம் மாற விருப்பமே இல்ல, அவங்க பிழைப்பு பழைய ஊரோட பின்னிக் கிடந்துச்சு. வரைபலகை அக்கா, உங்க "பாக்க" கதைக்கு நேர் எதிர்ப்பக்கம் இது. கைவேலை சரியா இருந்தாலும் பயன்படுத்துறவங்களைக் கேக்கலைன்னா நிக்காது.

இன்னொரு பக்கம் மேற்கு ஆப்பிரிக்காவுல புர்கினா ஃபாசோ நாட்டுல கேரேன்னு ஒரு ஆர்க்கிடெக்ட். 2022ல ப்ரிட்ஸ்கர் பரிசு, கட்டடக் கலைக்கான பெரிய உலகப் பரிசு, வாங்கினவர். தன்னோட சொந்த ஊர் காண்டோவுல 2001ல பள்ளிக்கூடம் கட்டும்போது ஊர்க்காரங்க மண்ணா, மழையில கரைஞ்சுடுமேன்னு சந்தேகப்பட்டாங்க. அவங்க அனுபவம் அப்படி. அதனால அவர் மண்ணைக் கொஞ்சம் சிமெண்ட் சேத்து அழுத்தின கல்லா மாத்தி, மேல தகரக் கூரையை சுவரைவிட நல்லா வெளியே நீட்டி, கூரைக்கும் கீழ் மச்சுக்கும் நடுவுல சூடு வெளியேற இடைவெளி விட்டாரு. கூரை தாங்கி எல்லாம் சாதாரண கம்பியை வெட்டி வெல்டிங் வெச்சது, ஊர்க்காரங்களே செய்யற மாதிரி. பழையதை அப்படியே எடுக்கல, அதோட பலவீனத்தைப் பாத்துட்டு எடுத்தாரு. இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது.

நாலாம்வருஷம்

எல்லாருக்கும் வணக்கம், நான் பி.ஆர்க் (ஆர்க்கிடெக்சர் படிப்பு) நாலாவது வருஷம். ஒரு சந்தேகம். எங்க ஸ்டூடியோவுல கைவினைன்னு சொன்னா எல்லாரும் ஜாலி சுவர்தான், அதாவது காத்து வர ஓட்டை ஓட்டையா விட்ட சுவர்தான், வரையறோம், அதையும் சிஎன்சியில, கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷின்ல, வெட்டின எம்டிஎஃப் (மரத்தூள்) பலகையா வெச்சுடுறோம், நிழல் அழகா விழும். இதுவும் கைவினைதானா இல்லையான்னு ஜூரியில, எங்க வரைபடத்தை மதிப்பிடுறப்ப, ஒரே சண்டை. மெஷின் வந்தாலே கைவினை செத்துடுமா?

செங்கல்பிரியை

மெஷின் வரதால இல்ல தம்பி. அந்த ஓட்டை எதனால வந்துச்சுன்னு கேளு. செலவு குறைச்சுக் கட்டுறதுக்குப் பேர் போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர், திருவனந்தபுரத்துல சிடிஎஸ்ங்கிற ஆராய்ச்சி நிறுவன வளாகத்துல வெச்ச செங்கல் ஜாலி இருக்கே, அது செங்கல்லை ஒரு இடம் விட்டு ஒரு இடம் அடுக்குறதுதான், கொத்தனாருக்கு அது ஒரு வரிசை முறை, புதுசா பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஜன்னல் சட்டம், கண்ணாடி, கம்பி, எல்லாம் மிச்சம், காத்தும் வருது, வெளியே இருந்து பாக்குறவங்களுக்கு உள்ள தெரியாது. ஓட்டையோட அளவு செங்கல்லோட அளவுல இருந்து வருது, டிசைனர் மனசுல இருந்து வரல.

நீங்க பலகையில வெட்டுற ஓட்டை எந்த அளவுலயும் வரலாம், எந்தப் பொருள்லயும் வரலாம். அதனால அது நிழல் படமா மட்டும் நின்னு போகுது. அதே மெஷினை வெச்சு ஒரு தச்சருக்கு கஷ்டமான மூட்டு வெட்டிக் குடுத்து, மிச்சத்தை அவர் கையால சேத்தா அது வேற கதை.

இரும்புக்கம்பி

பேக்கர் பேரு வந்ததால ஒண்ணு சொல்றேன், இதுல நான் முழுசா உடன்படுறேன். ஃபில்லர் ஸ்லாப்.

மாணவருக்காக விளக்கமாவே சொல்றேன். கூரைத் தளம் வளையும்போது மேல் பகுதி அமுங்கும், கீழ் பகுதி இழுபடும். இழுவையை கான்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்குது. அப்ப கீழ்ப் பகுதியில கம்பிக்கு நடுவுல இருக்கிற கான்கிரீட் சும்மா பாரம்தான். அந்த இடத்துல சூளையில சுட்ட சீமை ஓடுகளை, ரெண்டு ஓடு ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வெச்சு, நடுவுல காத்து நிக்கிற மாதிரி, சுத்தி கம்பி ஓட்டி வார்த்தா கான்கிரீட் குறையுது, எடை குறையுது, சூடும் கொஞ்சம் குறையுது. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா ஓட்டோட சிவப்பு கட்டம் கட்டமா தெரியும், பூசவே வேண்டாம். எலிப்பொறி கட்டும் அதே மாதிரி, செங்கல்லை நெட்டுக்குத்தா நிறுத்தி நடுவுல வெற்றிடம் விட்டுக் கட்டுறது, ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம்.

இதுல எல்லாம் ஓடும் செங்கல்லும் கணக்குக்குள்ள வருது. நான் கையெழுத்து போடுற வரைபடத்துலயே அது இருக்கு. நான் எதிர்க்கிறது, எல்லாம் முடிஞ்ச அப்புறம் மேல தடவுற அலங்காரத்தை. அதுக்கு எனக்கு கணக்கும் இல்ல, பொறுப்பேத்துக்க ஆளும் இல்ல.

வரைபலகை

சார் நீங்க இதை சொன்னதுக்கு ரொம்ப நன்றி. நான் கேக்க வந்ததை நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க. வரைபடத்துக்குள்ள இருக்கா இல்லையா, அதான் கேள்வி.

கேரேயைப் பத்தி செங்கல்பிரியை எழுதினதும் தேடிப் பாத்தேன். அதே காண்டோவுல நூலகத்துக்கு ஊர்ப் பெண்கள் கையால செஞ்ச மண் பானையை மேலயும் கீழயும் வெட்டி, கூரைத் தளம் வார்க்கும்போது உள்ள வெச்சு வார்த்திருக்காங்க. பானை வாய் வழியா வெளிச்சம் வட்ட வட்டமா கீழ விழுது, சூடான காத்து மேல போகுது. படத்தைப் பாத்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். பானை செய்யறவங்களுக்கு நீங்க புதுசா எதுவும் கத்துக்குடுக்க வேண்டாம், அவங்க தெனமும் செய்யறதுதான். இடம் மட்டும்தான் மாறியிருக்கு. என் நூலகத்துல படிக்கிற கூடம் மேல் தளத்துலதான் வருது. சார், அந்த மாதிரி வட்டத் துளை விட்டா தளத்துக்கு ஆபத்தா?

இரும்புக்கம்பி

துளை ரெண்டு கம்பிக்கு இடையில இருக்கிற காலி இடத்துல வந்தா, தூணுக்கும் பீமுக்கும் பக்கத்துல வராம இருந்தா பெரிய பிரச்சனை இல்ல. ஆனா பானை அளவு முதல்ல எனக்கு வேணும், கம்பி இடைவெளியை அதுக்கேத்த மாதிரி நான் வெக்கணும். கையால செஞ்ச பானை ஒண்ணு போல ஒண்ணு இருக்காது, அதனால பெரிய பானையோட அளவைக் குடுங்க, சராசரி வேண்டாம். மழை உள்ள வராம இருக்க மேல என்ன மூடி, அதையும் இப்பவே வரைஞ்சுடுங்க. காண்டோவுல மேல தனியா தகரக் கூரை இருக்கு, உங்களுக்கு மொட்டை மாடியா இருந்தா கதை வேற. பானையோட ஓரத்துல தண்ணி நின்னா கண்டிப்பா இறங்கும்.

திண்ணைவாசி

நான் கட்டடத் துறை இல்ல, கையால வார்த்த தரை ஓட்டோட நாலு வருஷமா குடியிருக்கிறவன், அந்த உரிமையில எழுதுறேன்.

அந்த ஓடு, செட்டிநாட்டுப் பக்கம் ஆத்தங்குடி ஓடு, செய்யறதை பட்டறையில நின்னு பாத்திருக்கேன். கண்ணாடித் துண்டு ஒண்ணைத் தரையில வெச்சு சுத்தி இரும்புச் சட்டம், உள்ள டிசைனுக்கான தகட்டு அச்சு. அச்சோட ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒவ்வொரு கலர், சிமெண்ட்ல கலந்தது, கரண்டியால ஊத்துறாரு, கூழ் மாதிரி. ஊத்திட்டு அச்சை நேரா மேல தூக்குறாரு பாருங்க, அந்த நொடி கை ஆடினா போச்சு. கலரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்குது, ஆனா கலக்கல. மேல காஞ்ச சிமெண்ட் மணலைத் தூவி, அப்புறம் கலவை போட்டு மட்டம் பண்ணி எடுத்து வெக்கிறாரு. சூளை கிடையாது, தண்ணியில ஊற வெச்சு வெயில்ல காய வெச்சா கண்ணாடி தானா விடுபடுது, அந்தக் கண்ணாடியோட வழவழப்புதான் ஓட்டுக்கு வருது. மெருகு மெஷின் எதுவும் இல்ல.

இப்ப என் அனுபவம். ஒண்ணு, எங்க வீட்டு தளம் சாதாரண டைல்ஸ் கணக்குல போட்டது. இந்த ஓடு டைல்ஸைவிட ரெண்டு மடங்கு கனம், அடியில கலவையும் தடிமனா வேணும். ஓடு பதிச்சு முடிச்சதும் கதவு ஒண்ணும் திறக்கல, எல்லாக் கதவையும் அடியில அறுத்தோம், கழிவறை வாசல்ல நிலை இடிக்குது இன்னமும். வரைபலகை மேடம், இதைத் தளம் வார்க்கும்போதே முடிவு பண்ணிடுங்க.

ரெண்டு, வீட்டு வேலைக்கு வந்த அம்மா பாவம் தெரியாம ஆசிட் ஊத்திக் கழுவிட்டாங்க. சிமெண்ட் ஓடுதானே, ஆசிட் தின்னுடுச்சு. பத்து ஓடு வெளுத்துப் போய் தொட்டா கொரகொரன்னு இருக்கு. ஈரத் துணி, எப்பவாவது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறது, இவ்வளவுதான் அதுக்கு வேணும். நடக்க நடக்கத்தான் மினுக்கு ஏறும். இப்ப எங்க வீட்டுல ஆள் அதிகமா நடக்கிற வழி தனியா தெரியும், பளபளன்னு ஒரு ஒத்தையடிப் பாதை மாதிரி. அதைப் பாக்கறப்ப எனக்கு ஒரு சந்தோஷம், சொல்லத் தெரியல.

மூணாவது, அம்பது ஓடு கூடுதலா வாங்கி மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கேன். கலர் அடுத்த தடவை அதே மாதிரி வராது. பராமரிக்க யாருன்னு கேட்டாரே, அவருக்கு என் பதில் இது.

சுண்ணாம்புக்கை

அண்ணே ஓடு வேலையை நல்லா சொன்னீங்க. அந்த அச்சைத் தூக்குற கை வரதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு செய்யறவங்களுக்குத்தான் தெரியும்.

நான் ஒரு விஷயம் சொல்லணும், யாரும் அதைப் பேசல. கூலி. எங்களைக் கூப்பிடுறது யாருன்னு பாத்தா காண்ட்ராக்டருக்கு கீழ சப் காண்ட்ராக்டர், அவருக்கு கீழ ஒரு மேஸ்திரி, அவருக்கு கீழ நான். சதுர அடிக் கணக்கு. சதுர அடிக் கணக்குல சுண்ணாம்பு பூசவே முடியாதுங்க, ஏன்னா வேலையில பாதி காத்திருக்கிறது. இன்னைக்கு பூசி நாளன்னைக்கு வந்து அமுக்கிப் பாத்து இன்னும் ஆகலைன்னா திரும்பிப் போகணும். அந்த நாளுக்கு யார் தருவா? அதனால எல்லாரும் அவசரப்படுறாங்க, சுண்ணாம்புல ரெண்டு சட்டி வெள்ளை சிமெண்ட்டைப் போட்டுக் கலக்கிடுறாங்க, மறுநாளே இறுகிடும், பாக்க அதே மினுக்கு. நான் செஞ்சது இல்லன்னு சொல்லமாட்டேன். ஒரு தடவை செஞ்சிருக்கேன், வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு இருந்துச்சு. அந்தச் சுவரைப் பாக்க இன்னைக்கு வரைக்கும் நான் அந்தத் தெருவுக்குப் போகல.

என் பையன் இந்த வேலைக்கு வரல. நான் வரச் சொல்லவும் இல்ல. பெயிண்ட் கம்பெனி டெக்ஸ்சர் வேலை கத்துக்கிட்டான், ஒரு நாள்ல ஒரு ரூம் முடிச்சு காசு வாங்கிட்டு வந்துடுறான். கைவினையைக் காப்பாத்தணும்னு நிறைய பேசுறாங்க, நல்லதுதான், ஆனா வருஷத்துல எத்தனை நாள் வேலை இருக்குன்னு கேட்டா பதில் இல்ல. ஒரு பெரிய ரிசார்ட் வந்தா மூணு மாசம் வேலை, அப்புறம் எட்டு மாசம் நான் சாதாரண சிமெண்ட் பூச்சுக்குப் போறேன். கை மறந்து போகுதுங்க.

வரைபலகை

அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு உடனே பதில் எழுத முடியல.

நீங்க கடைசியா சொன்னது, கை மறந்து போகுதுன்னு. ஜப்பான்ல இசே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா புதுசா கட்டுறாங்க, பக்கத்துலயே இன்னொரு காலி மனை இருக்கும், அங்க அதே அளவுல அதே மூட்டுகளோட. கடைசியா 2013ல கட்டினாங்க, அது 62வது தடவை. இருபது வருஷம்னா ஒரு தச்சன் தன் வாழ்நாள்ல கத்துக்க ஒரு தடவை, பொறுப்பேத்துச் செய்ய ஒரு தடவை, கத்துக்குடுக்க ஒரு தடவைன்னு வாய்க்கும். அங்க கட்டடம் பழசு இல்ல, கைதான் பழசு. நாம கட்டடத்தைப் பழசா காட்டிட்டு கையை விட்டுடுறோம்.

மாடித்தோட்டம்

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், ஒரு கோவம் இருக்கு, சொல்லிடுறேன். இதெல்லாம் காசு இருக்கிறவங்க ரசனையா போயிடுச்சே. பேக்கர் ஓடும் செங்கல்லும் எடுத்தது செலவைக் குறைக்க. இன்னைக்கு அதே ஓடும் செங்கல்லும் வெச்சா ஆடம்பரம். சாதாரண ஆள் வீட்டுக்கு ஹாலோ பிளாக்கும் தகரமும். மண் சுவர்ல பொறந்து வளந்த எங்க அம்மா மண் வீடே வேண்டாம்னு சொல்லுவாங்க, வருஷா வருஷம் மெழுகின கை அது. அவங்களைப் போய் மண் வீடு அழகுன்னு நான் எப்படி சொல்றது?

செங்கல்பிரியை

உங்க அம்மா சொல்றது சரின்னுதான் நான் நினைக்கிறேன். மெழுகின கைக்கு அந்த வேலையோட கஷ்டம் தெரியும், தூரத்துல நின்னு பாக்குறவங்களுக்கு அழகு மட்டும் தெரியும். அவங்க கஷ்டத்தைக் குறைக்காத எந்த வடிவமும் முன்னேற்றம் இல்ல.

ஆனா பங்களாதேஷ்ல ருத்ராபூர்ங்கிற கிராமத்துல அன்னா ஹெரிங்கர், ஐகே ரோஸ்வாக்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்டும் மண்ணும் மூங்கிலும் வெச்சு ஒரு பள்ளிக்கூடம் கட்டினாங்க, 2007ல கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது வாங்குச்சு. ஊர்க்காரங்களே கட்டினது. ஊர்ல பழைய மண் வீட்டுக்கு இருந்த குறை என்ன, அஸ்திவாரம் இல்ல, ஓதத் தடுப்பு இல்ல. அதை மட்டும் சேத்தாங்க, செங்கல் அஸ்திவாரம், அதுக்கு மேல ஈரம் ஏறாத ஒரு படலம், அப்புறம் மண். மேல் மாடி மூங்கில். சின்ன மாத்தம்தான், ஆனா வருஷா வருஷம் அடி கரையறது நின்னுடும். மண்ணோட அழகைப் பத்திப் பேசாம மண்ணோட குறையைப் பத்திப் பேசினா உங்க அம்மாவே நாலு யோசனை சொல்லுவாங்க, கேட்டுப் பாருங்க.

இலங்கையில ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா செஞ்சதும் இப்படித்தான். அரைவட்ட நாட்டு ஓடு மழைக்கு ஒழுகும், நகந்துக்கும். அவர் அடியில நெளி நெளியா இருக்கிற சிமெண்ட் ஷீட்டைப் போட்டு அந்தப் பள்ளத்துல ஓடுகளை உக்கார வெச்சாரு. ஓடு நகராது, தண்ணி இறங்காது, வெயில் சூட்டை ஓடு வாங்கிக்குது. இதைக் கலப்படம்னு சிலர் சொல்லலாம், எனக்கு அது கைவேலைக்குக் குடுத்த மரியாதையா தெரியுது.

வரைபலகை

நன்றி எல்லாருக்கும். மூணு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன்.

கட்டச் சொன்னவங்ககிட்ட பேசிட்டேன். முகப்புல ஒட்டச் சொன்ன ஃபைபர் தூண், போலி ஓடு எல்லாத்தையும் எடுத்துட்டேன். முதல்ல ஒத்துக்கல, அப்புறம் திண்ணைவாசி சார் எழுதின அந்த ஒத்தையடிப் பாதை பத்தியைப் படிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் சரின்னாங்க. கையால வார்த்த ஓட்டோட கனத்துக்காக தரை மட்டத்தை கீழ் தளம் பூரா ரெண்டு அங்குலம் இறக்கியாச்சு. படிக்கிற கூடத்துக்கு மேல பானை வெச்ச தளம், அதுக்கு மேல தனிக் கூரை, பானை செய்யறவங்ககிட்ட இருந்து மாதிரி நாலு வந்திருக்கு, நாலும் நாலு அளவு, இரும்புக்கம்பி சார் சொன்ன மாதிரி பெருசை வெச்சு கணக்கு போடுறோம். சுண்ணாம்பு உள் சுவத்துல மட்டும், தரையில இருந்து மூணடி வரைக்கும் கல் வெச்சுட்டு அதுக்கு மேல. டெண்டர்ல பூச்சு வேலையைத் தனியா பிரிச்சு நாள் கூலின்னு எழுதியிருக்கேன், காத்திருக்கிற நாளுக்கும் சேத்து. அது நிக்குமான்னு இன்னும் சண்டை நடக்குது, விடமாட்டேன்.

சுண்ணாம்புக்கை அண்ணே, உங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்பியிருக்கேன். டிராயிங் முடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்.

சுண்ணாம்புக்கை

பாத்தேன் மேடம். வரேன். டிராயிங் பாக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல.

வரதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செஞ்சு வெச்சுடுங்க. ஒரு பள்ளம் வெட்டி சுண்ணாம்பை இப்பவே ஊறப் போட்டுடுங்க, மேல எப்பவும் ஒரு சாண் தண்ணி நிக்கணும், குழந்தைங்க பக்கத்துல போகாத மாதிரி சுத்தி அடைச்சுடுங்க, கண்ணுல பட்டா பொல்லாதது. அஸ்திவாரம் எழும்பி சுவர் வரதுக்குள்ள அது பக்குவமாயிடும். அப்புறம் சைட்டுல ஒரு மூலையில நாலடிக்கு நாலடி ஒரு செங்கல் சுவர் தனியா எழுப்பி வெக்கச் சொல்லுங்க, சிமெண்ட் பூசக்கூடாது, சந்து சுரண்டி விட்டிருக்கணும். அதுல நான் பூசிக் காட்டுறேன். மழை பாதிப் பக்கம் படற மாதிரி இடம் பாத்து எழுப்புங்க. ஒரு மழைக்காலம் அது நிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்.